இருபத்துநான்கு மணி நேர லீவு

பள்ளியில் எங்கள் ஆங்கில டீச்சர் முதன்முதலில் மனப்பாடம் செய்யவைத்தது பாட்டும் இல்லை, கதையும் இல்லை. லீவ் லெட்டர். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கி, ‘கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்’ என்று போகும். காய்ச்சல் வந்தவர்களும் அதைத்தான் எழுதினோம், அத்தை கல்யாணத்துக்குப் போய்வந்தவர்களும் அதைத்தான் எழுதினோம். வேறு காரணம் சொல்ல எங்களிடம் ஆங்கிலம் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அர்த்தத்தோடு சொல்லக்கூடிய ஆங்கிலச் சொல் ஒன்று எனக்கு இருந்தது என்றால் அது ‘லீவ்’தான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அந்த வருடம் கோடையில் நானும் அப்பாவும் ஒரு விமானம் கட்டினோம்.

எங்கள் வீட்டில் எழுத்து என்னோடு தொடங்கியது. அப்பாவுக்கு மருங்காபுரிப் பக்கம். மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் ஆடு என்று இருந்த குடும்பம். அவர் பள்ளிக்கூடம் போனது மூன்று மாதம். அம்மா அதுவும் இல்லை. பதினாறு வயதில் அப்பா திருச்சிக்கு வந்து ஒரு பட்டறையில் சம்மட்டி பிடித்தார், பிறகு ஃபிட்டர் ஆனார், பிறகு சார்ஜாவுக்குப் போனார். நானும் அம்மாவும் உறையூரில் ஒரு காம்பவுண்டுக்குள் இருக்கும் நாலு வீடுகளில் கடைசி வீட்டில் இருந்தோம். அப்பா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் வருவார்.

அந்த நாற்பத்தைந்து நாளும் அவருக்குச் சொந்தமானவை அல்ல. வந்திறங்கிய மறுநாளே ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். ஒருவர் மகனுக்கு விசா விசாரிக்கச் சொல்வார். ஒருவர் வீட்டுக்கு கேட் செய்ய இரும்பு பார்த்துத் தரச் சொல்வார். ஊரில் வரப்புத் தகராறு, காதுகுத்து, துக்கம் விசாரிப்பு. அப்பா எல்லோருக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியேறுவார். முதல் மூன்று வாரம் அப்படித்தான் போயிற்று. நான் வாசலில் நின்று அவர் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சார்ஜாவில் இருந்தபோதும் ஏறக்குறைய அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்த முறை அவர் கொண்டுவந்த அட்டைப் பெட்டிகளில் ஒன்று மட்டும் பிரிக்கப்படாமல் பீரோவின் மேல் இருந்தது. நீளமான தட்டைப் பெட்டி. மேலே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு சின்ன விமானத்தின் படம். ஒரு நாள் காலை அப்பா அதை எடுத்துக் கீழே வைத்து, என்னைக் கூப்பிட்டார்.

அது கடையில் வாங்கியது இல்லையாம். அவர் கம்பெனியில் ஒரு பெரிய அதிகாரி வேலை முடிந்து சொந்த நாட்டுக்குப் போகும்போது, வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்ற அப்பாவையும் இன்னும் சிலரையும் அனுப்பியிருக்கிறார்கள். அலமாரியின் பின்னால் இந்தப் பெட்டி கிடந்திருக்கிறது. பையனோடு உட்கார்ந்து செய்ய வாங்கினாராம் அந்த ஆள். “பையன் வளந்துட்டானாம்ப்பா. நீ எடுத்துட்டுப் போன்னுட்டாரு” என்றார் அப்பா. எனக்கு நல்ல காலம் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பெட்டிக்குள் விமானம் இல்லை. அதுவே எனக்கு முதல் ஏமாற்றம். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனான மரக் குச்சிகள், காகிதம்போல் கனமில்லாத மரத் தகடுகள், மூக்கில் சுற்றும் ஒரு காற்றாடி, அதை முறுக்கிச் சுழற்ற ஒரு சுருள் ரப்பர், மெல்லிய சிவப்புக் காகிதம், பிறகு நாலாக மடித்த ஒரு பெரிய தாள். அந்தத் தாளை அப்பா தரையில் விரித்தார். விரித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. நான் புத்தகம் விரித்தால் என் முகம் அப்படி மாறியதே இல்லை.

“இது எலிவேசன், பக்கத்துலேருந்து பாக்கறது. இது மேலேருந்து பாக்கறது. இந்தப் புள்ளிக்கோடு சென்டர் லைன். இந்தக் கட்டைய இங்க வச்சு, இந்த விலா எலும்ப இதுமேல நிறுத்தணும். அவ்ளோதான், ரொம்ப சுளுவு.”

அவர் விரல் தாளின்மேல் ஓடிக்கொண்டே இருந்தது. படத்தின் ஓரத்தில் கட்டம் கட்டமாக அச்சடித்திருந்த எழுத்துகளுக்கு வந்ததும் நின்றது. என்னைப் பார்த்தார். அன்றைக்கு எங்களுக்குள் வேலை பிரிந்தது. படம் அவர், எழுத்து நான்.

கதவுப் பலகை ஒன்றைக் கீழே போட்டு, தாளை விரித்து, அதன்மேல் பசை ஒட்டாமல் இருக்கப் பால் கவர்களைக் கழுவி வெட்டிப் பரப்பினார். குச்சிகளைக் கோட்டின்மேல் வைத்து இரண்டு பக்கமும் குண்டூசி குத்தி நிறுத்தினார். டன் கணக்கில் இரும்பை நகர்த்திய கை, அந்தக் குச்சியை விரல் நுனியால் மட்டும் தொட்டது. “இரும்புன்னா அடிச்சு நிமித்தலாம். இது மூச்சு விட்டாலே ஒடியுதே” என்றார். முதல் கட்டத்துக்குப் பசை தடவி முடித்ததும், அடுத்து என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். பல சொற்கள் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கட்டத்தின் கடைசியில், தடித்த எழுத்தில், எனக்கு மிகவும் வேண்டப்பட்ட சொல் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ‘லீவ் ட்வென்டிஃபோர் அவர்ஸ்.’

“இருபத்துநாலு மணி நேரம் லீவாம்ப்பா.”

“லீவா? யாருக்கு?”

“நமக்குத்தான். ஒட்டி முடிச்சதும் லீவு.”

அப்பா என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். அங்கேயும் கடைசியில் அதே வரி. பதினோரு கட்டங்களுக்கும் அதே வரி.

“சரிதான். கம்பெனிக்காரன் குடுக்கற லீவ எடுத்துக்காம இருக்கக்கூடாது” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார். போகும்போது அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “இந்தா, நாளைக்கு வீட்ல எல்லாருக்கும் லீவு. நீயும் ஒண்ணும் செய்யக்கூடாது.”

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “அங்க ஆளுங்களுக்கே லீவு இல்ல. இங்க வந்து பொம்மைக்கு லீவு குடுக்கறாங்களாம்.”

மறுநாள் ஒருவர் மகனுக்கு விசா விசாரிக்க வந்தார். அப்பா வாசலிலேயே அவரை நிறுத்தி, இன்றைக்குத் தனக்கு லீவு, பையன் படித்துச் சொல்லிவிட்டான், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். வந்தவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார். அப்பாவே சமைத்தார். சார்ஜா ரூமில் எட்டுப் பேருக்கு முறைவைத்துச் சமைத்த பழக்கத்தில் மூன்று பேருக்குக் குண்டான் நிறையப் பருப்புச் சோறு வந்தது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கைகளை மாற்றி மாற்றி மடியில் வைத்துப் பார்த்தாள். “கை சும்மா இருந்தா என்னமோ மாதிரி இருக்கு” என்றாள். சாயங்காலம் மூன்று பேரும் முக்கொம்புக்குப் போனோம்.

அதன்பிறகு ஒரு நாள் ஒட்டுவது, மறுநாள் லீவு என்று ஆயிற்று. ஒட்டுகிற நாளில் விசாக்காரர்களும் கேட்காரர்களும் வந்து போனார்கள். லீவு நாளில் எவரும் அப்பாவை அசைக்க முடியவில்லை. மலைக்கோட்டை ஏறினோம். தூரத்தில் ஒரு விமானம் தெற்கே இறங்குவதை உச்சியிலிருந்து அப்பா காட்டினார். வழக்கமாக விமானத்தைப் பார்த்தால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்றைக்கு அவளும் பார்த்தாள், வருகிற விமானம் என்பதால். நாலைந்து லீவு ஆனதும், ஒட்டுகிற நாளன்று காலையிலேயே அம்மா எங்கள் பலகைப் பக்கம் வந்து, “இன்னைக்கு ஒட்டிடுவீங்கல்ல?” என்று கேட்க ஆரம்பித்தாள். மறுநாளைக்குப் பூ சொல்லிவைக்க வேண்டுமாம்.

சித்திரைத் தேருக்கு மருங்காபுரியிலிருந்து பெரியப்பா வந்தார். ஸ்ரீரங்கத்தில் தேர் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, வரப்புக் கல்லை நட ஆள் வருகிறது, நீ கூட இருக்க வேண்டும், உடனே கிளம்பு என்று அப்பாவிடம் சொன்னார். அன்றைக்கு இறக்கை ஒட்டிய மறுநாள்.

“இன்னைக்கு லீவுண்ணே. நாளைக்கு வரேன்.”

“பொம்மைக்கு எவன்டா லீவு குடுத்தான்?”

அப்பா உள்ளே போய் அந்தத் தாளை எடுத்துவந்து பெரியப்பா கையில் கொடுத்தார். “இங்க எழுதியிருக்கு. நீயே படிச்சுப் பாரு.”

பெரியப்பாவுக்கும் படிக்கத் தெரியாது. தாளை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அந்த வரியின் கீழ் விரல் வைத்து உரக்கப் படித்தேன். பெரியப்பா தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“எழுத்துல இருந்தா சரி. ஒம் மவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

என் வாழ்க்கையில் நான் வாங்கிய மதிப்பெண்களில் அதைவிடப் பெரியது ஏதும் இல்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நான் கணக்கும் போட்டு வைத்திருந்தேன். பெட்டியைப் பிரித்த நாளில் அப்பா கிளம்ப இருபத்துநான்கு நாள் இருந்தது. கடைசி நாள் பயணத்துக்கு. பதினோரு கட்டத்துக்கும் லீவோடு சேர்த்து இருபத்திரண்டு நாள் போக, இருபத்துமூன்றாம் நாள் பறக்கவிட வேண்டும். கொள்ளிடத்து மணலில் என்று முடிவாகியிருந்தது. அதற்குப் பிறகுதான் அப்பா போகலாம். இப்படி இடைவெளியில்லாமல் பொருந்திய கணக்கில், சிவப்புக் காகிதம் ஒட்டும்போது என் முழங்கை பட்டு இறக்கை கிழிந்தது. கிழித்தெடுத்து மறுபடி ஒட்டி, மறுபடி ஒரு நாள் லீவு. இரண்டு நாள் போய்விட்டது. கடைசிக் கட்டம் அப்பா கிளம்புவதற்கு முந்தின நாளில் வந்து விழுந்தது. அதன் லீவு முடியும்போது அப்பா வானத்தில் இருப்பார்.

ஒரு நாள் லீவை மட்டும் விட்டுவிடலாம் என்று கேட்டுப் பார்த்தேன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “எழுதியிருக்கறத மீறக்கூடாதுப்பா. நீதானே படிச்ச?”

அந்தச் சமயத்தில்தான் ஃபோன் விஷயம் நடந்தது. சார்ஜாவில் அப்பாவோடு ஒரே அறையில் இருக்கும் பாலக்கரை பாய் பேசினார். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் என்ற சொல் இரண்டு மூன்று முறை வந்தது. கடைசியில் அப்பா, “லீவிட் பாய், லீவிட்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என் காதில் விழுந்தது ‘லீவ்’ மட்டும்தான். நேராக அம்மாவிடம் ஓடி, அப்பா இங்கிலீஷில் ஃபோர்மேனிடம் இன்னும் லீவு கேட்கச் சொல்கிறார் என்றேன்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுவதை நிறுத்தினாள். சாப்பாடு போடும்போது, எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே, எதிரே பார்க்காமல் கேட்டாள். “லீவு கேட்டிருக்கீங்களாமே. தம்பி சொல்றான்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“கேட்டிருக்கேன். பாப்போம்.”

அதன்பிறகு இரண்டு நாள் அம்மா வீட்டில் பாடாத குறை. மூன்றாம் நாள் அப்பா, “தரமாட்டேன்னுட்டான்” என்றார். அன்று ஒட்டுகிற நாள். அடுத்த நாளுக்கு அம்மா பூ சொல்லவில்லை.

அப்பா கிளம்ப ஐந்து நாள் இருந்தபோது, முன் வீட்டு அக்கா விமானத்தைப் பார்க்க வந்தாள். காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே போயிருந்தார். விமானம் அப்போது ஏறத்தாழ உருவாகியிருந்தது, உடல் தனியாக, இறக்கை தனியாக, வால் துண்டுகள் தனியாக. அக்கா எல்லாவற்றையும் தொடாமல் குனிந்து பார்த்தாள். தாளையும் பார்த்தாள். நாளைக்கு எங்களுக்கு லீவு, கொள்ளிடத்துக்குப் போகிறோம், அவளும் வரலாம் என்று நான் பெரிய மனதோடு சொன்னேன். யார் லீவு விட்டது என்று கேட்டாள். வரியைக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“டேய், இது அந்த லீவு இல்லடா. பசை காயணும், இருபத்துநாலு மணி நேரம் அப்படியே விட்டுடுன்னு அர்த்தம். இது காயற நேரத்துல நீங்க வேற துண்ட ஒட்டியிருக்கலாமே.”

சிரிப்பு அடங்கிய பிறகுதான் அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அழவில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். “நான் சொல்லல. நீ சொல்லிடு, என்ன?” என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

நான் பலகையின் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டேன். எத்தனை முறை போட்டாலும் ஒரே விடைதான். இப்போது சொன்னால், நாளைக்கே வாலையும் ஒட்டலாம், இறக்கையையும் ஒட்டலாம். மறுநாள் காயும். அதற்கடுத்த நாள் கொள்ளிடத்தில் பறக்கவிட்டு, இன்னும் ஒரு நாள் கையில் மிச்சம்கூட இருக்கும். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் வேறு பலதும் இருந்தன. அப்பாவின் நாற்பத்தைந்து நாளில் ஒன்பது நாளை நான் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்துத் தின்றுவிட்டேன். விசாக்காரரை அனுப்பியது பொய், பெரியப்பாவை அனுப்பியது பொய். எழுத்துல இருந்தா சரி என்றாரே, எழுத்தில் அது இல்லை. வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆளுக்குப் படிக்கத் தெரியவில்லை.

மறுநாள் லீவில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய், அங்கிருந்து கொள்ளிடக் கரைக்கு நடந்தோம். அங்கே சொல்லிவிடுவது என்று வைத்திருந்தேன். ஆறு முழுக்க மணல், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். அம்மா தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் இறங்கி, ஒரு பிடி மணலை அள்ளிக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகவிட்டுக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். பத்தடி நடந்து மறுபடி பார்த்தார். அப்பா ஓடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கையில் இல்லாத விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி, கையை விரித்து, அது போகும் வழியைப் பார்த்து நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இங்கேருந்து வுட்டா நேரா பாலத்துப் பக்கம் போவும். நீ அங்க நின்னுக்க. கீழ வுழறதுக்குள்ள புடிச்சிடணும்.”

நான் ஓடிப்போய் அவர் காட்டிய இடத்தில் நின்றேன். மூன்று முறை அவர் விட்டார், மூன்று முறை நான் பிடித்தேன். கரையிலிருந்து அம்மா, “ரெண்டு பேருக்கும் வெயில்ல மண்ட கலங்கிடுச்சு” என்றாள். அந்த நேரத்தில் போய் எப்படிச் சொல்வது? பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் அப்பா தூங்கிவிட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் இறக்கையை உடலோடு ஒட்டினோம். முழு விமானத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தோம். பெட்டியில் இருந்த படத்தைவிடச் சின்னதாக, படத்தைவிட நன்றாக இருந்தது. மறுநாள் காலை அப்பா குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு வந்து அதன் முன்னால் குந்தினார். இறக்கை சேரும் இடத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தார். நான் கெஞ்சினேன், காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு முறை விட்டுப் பார்த்துவிடலாம் என்று.

“இன்னும் லீவு முடியலையேப்பா. அப்படியே இருக்கட்டும். அடுத்த தடவ வந்து வுடலாம்.”

அடுத்த தடவை வரும்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஸ்கூல் விட்டதும் ட்யூஷன், ட்யூஷன் விட்டதும் தெருமுனையில் கிரிக்கெட். அப்பா சார்ஜாவிலிருந்து விமானத்துக்குப் புது ரப்பர் வாங்கிவந்திருந்தார். பழையது வெயிலில் வெடித்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொள்ளிடத்துக்குப் போகலாமா என்று இரண்டு முறை கேட்டார். டெஸ்ட் இருக்கிறதுப்பா என்றேன், இருந்தது உண்மைதான். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்பதும் உண்மை. அதன் ஒவ்வொரு ஒட்டிலும் என் தப்பு காய்ந்து இறுகியிருந்தது. மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. ரப்பரைக் கவரோடு விமானத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். இரண்டும் இன்னும் பீரோவின் மேல்தான் இருக்கின்றன.

போன வருடம் எனக்குத் துவாக்குடிப் பக்கம் ஒரு இரும்புப் பட்டறையில் எஞ்சினியர் வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் வாரம், கிரேனில் ஒரு பெரிய தகடை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே நின்று சங்கிலியைப் பிடித்திருந்த வயதான ஆள், தகடு தரையில் அமர்ந்ததும் பக்கத்திலிருந்தவனைப் பார்த்துக் கத்தினார். “லீவிட், லீவிட்.” அவன் சட்டென்று கையை எடுத்தான்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். டீ நேரத்தில் அவரிடம் போய், அது என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். எஞ்சினியர் தன்னைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ, தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“லீவிட்னா வுட்ருன்னு அர்த்தம் சார். கல்ஃப்ல எறங்குன மொத நாளே இதத்தான் சொல்லிக் குடுப்பான். ஹோல்டிட், லீவிட். எனக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது, ஆனா இது ரெண்டும் தெரியும். தெரியலன்னா வெரலு போயிடும் சார்.”

அப்பாவுக்குப் பத்து விரலும் இருக்கின்றன.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது ஒவ்வொன்றாக வந்தது. நான் ‘லீவு’ என்றதும் தாளையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம். பசை காயும்வரை காத்திருக்கும்போது அடுத்த துண்டை எடுப்பது என்பது எந்த ஃபிட்டருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். பெரியப்பாவிடம் அவர் அவ்வளவு தைரியமாகத் தாளை நீட்டியது. வாசற்படியில் பாயிடம் சிரித்துக்கொண்டே சொன்ன சொல். அம்மா கேட்டபோது, நான் தலையாட்டியதைப் பார்த்துவிட்டு, “கேட்டிருக்கேன்” என்று சொன்னது. நான் சொன்னதற்காகப் பிறகு நிஜமாகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் நான் கேட்கவில்லை. இன்னும் சார்ஜாவில்தான் இருக்கிறார். அடுத்த மாதம் வருகிறார். அவர் வரும் நாட்களுக்கு இந்த முறை நான் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், காய்ச்சல் என்று போடாமல்.

அந்தக் கோடையில் அப்பா கிளம்பிய அன்றைக்கு, நாங்கள் விமானத்தைப் பலகையில் விட்டுவிட்டு, ஒரு ஆட்டோவில் பெட்டிகளோடு ஏர்போர்ட்டுக்குப் போனோம். கொழும்பு வழியாகப் போகும் மத்தியான விமானம். வாசலுக்கு மேல் எங்களை விடமாட்டார்கள். அப்பா தள்ளுவண்டியில் பெட்டிகளை அடுக்கினார், அம்மாவிடம் ஏதோ சொன்னார், அம்மா தலையை ஆட்டினாள். நான் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லாவிட்டால் இரண்டு வருடம் ஆகும் என்று எனக்குத் தெரிந்தது.

“அப்பா, அந்தத் தாள்ல போட்டிருந்த லீவு...”

அதற்குமேல் வரவில்லை. அழுகைதான் வந்தது. அப்பா குனிந்தார். கம்பியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

“தெரியும்ப்பா. வுடு.”

வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். டவுன் பஸ்ஸில் வீடு வரும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். லீவு முடிந்துவிட்டதே என்றுதான் நான் அழுகிறேன் என்று அப்பா நினைத்துவிட்டார், நான் சொல்ல வந்தது அவருக்குப் புரியவே இல்லை என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுதேன்.